தலையணைத் தேநீர்

எனக்கும் அண்டை வீட்டாருக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஊட்டிச் சந்தைக்கு மேலே சரிவில் அடுக்கடுக்காக ஏறும் வீடுகளுள் இவ்விரண்டும் ஒரே தகரக் கூரையின் கீழ் அமைந்தவை. அவ்வீட்டுக்காரர் சந்தையில் தேயிலையும் நீலகிரித் தைலமும் விற்கும் வணிகர். அவர் தந்தையார் செய்ததும் அதே தொழில்தான். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான் இங்கே தனியே வாழ்கிறேன். அறிஞர் பலர் ஆய்வு செய்வதை அருகிருந்து கண்டவள் நான். ஆயினும், ஓர் ஐயத்தைக் கையிலெடுத்து, அதனைச் சிறிது சிறிதாக நெருங்கி, முடிவு தமக்கே இழப்பாகும் என்று தெரிந்த பின்னும் பின்வாங்காதவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், முதலில் நினைவுக்கு வருபவர் அவ்வணிகரின் துணைவியார்தாம். அவர் செய்த ஆய்வு, தம் வீட்டில் எங்கோ ஒளிந்திருந்த ஒரு நெடியைப் பற்றியது.

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் இம்மலையில் எந்தப் பொருளும் தன் இயல்பான மணத்தோடு இருப்பதில்லை. கம்பளியில் பூஞ்சை படரும். அலமாரியைத் திறந்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். மின்சாரம் போய்விட்டால் குளிர்சாதனப் பெட்டியின் நிலையைச் சொல்லவே வேண்டாம். இவற்றோடு போராடுவதில் அம்மையாருக்கு இணையானவரை இத்தெருவில் கண்டதில்லை. வாடை என்று பொதுவாக ஒரு சொல்லைச் சொல்லி அவர் அமைய மாட்டார்.

"இது ஈர வாடைங்க டீச்சரம்மா, சூடு காட்டுனா ஓடிப்போகும்," என்பார். "அது சிக்கு வாடை. எண்ணெய் ஊறிப் பழசானது. அதுக்குச் சூடு காட்டுனா இன்னும் ஒட்டிக்கும். மாவு போட்டு உறிஞ்சித்தான் எடுக்கோணும்."

கம்பளியைக் கரிக் கனலின் மேல் கவிழ்த்த கூடையில் விரித்துக் காய வைப்பார். மீன் கொண்டுபோன நெகிழிப் பெட்டிக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, இறுக மூடி, மறுநாள் வரை திறக்க விடமாட்டார். வெந்நீர்க் குடுவைக்குள் கல்லுப்பும் நொய்யும் போட்டுக் குலுக்குவார். ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாத கைப்பழக்கம் எதனையும் நான் அவரிடம் கண்டதில்லை, ஒன்றைத் தவிர. எந்தப் பொருளைத் துப்புரவு செய்தாலும் இறுதியில் ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு துளி தைலம் விட்டு, அப்பொருளை ஒருமுறை துடைத்து வைப்பார். நெற்றியில் பொட்டிடுவது போல அது இயல்பாக நடக்கும். கழுவும் வேலை அத்துடன் நிறைவு பெற்றது என்பதே அதன் பொருள்.

ஓராண்டுக்கு முன் அவர் மகனுக்குக் கூடலூரில் பெண் எடுத்தார்கள். மகன் கோவையில் பணி. வார இறுதியில் வந்து போவார். மருமகள் மெலிந்த உருவமும் அடங்கிய குரலும் உடையவள். தாயை இழந்தவள், மிளகு வணிகம் செய்யும் தமையனே வளர்த்து மணமுடித்துத் தந்தவர். வந்த சில மாதங்களில் அவள் கருவுற்றாள். அன்றிலிருந்து அவளுக்கு உணவு செல்லவில்லை. எல்லாப் பெண்களுக்கும் வரும் குமட்டல்தான் என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் நாள் செல்லச் செல்ல அவள் தட்டின் முன் அமர்வதையே அஞ்சத் தொடங்கினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இனியும் எடை குறைந்தால் மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

உறவுக்காரப் பெண்மணி ஒருவர் நலம் கேட்க வந்திருந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எல்லாமே ஒரு படி அதிகந்தானுங்க," என்றார் அவர். "நாமெல்லாம் பெத்துக்கலையா? மூக்கப் பொத்திக்கிட்டுத் தின்னோம்."

"நீ மூக்கப் பொத்துனயோ என்னமோ," என்றார் அம்மையார், வெங்காயம் உரித்துக்கொண்டே. "வாயை மட்டும் என்னைக்குமே பொத்தல."

வந்தவரும் சிரித்துவிட்டார். ஆனால் அவர் போன பிறகு அம்மையார் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "அந்தப் புள்ள மூக்குக்கு என்னமோ தெரியுதுங்க டீச்சரம்மா. நம்ம மூக்குக்குத் தெரியலைங்கறதுக்காக அது இல்லைன்னு ஆயிருமா?"

பிறர் துன்பத்தை நம்புவது எளிய செயலன்று. நாம் உணராத ஒன்றை உணர்வதாக ஒருவர் சொன்னால், அதனை மிகை என்று தள்ளுவதே நம் வழக்கம். அம்மையார் அவ்வாறு தள்ளவில்லை. மருமகளின் மூக்கை ஒரு சான்றாக ஏற்றார். சான்று இருக்கிறது, குற்றவாளியைத்தான் காணவில்லை. ஆகவே தேடத் தொடங்கினார்.

நாள்தோறும் ஒரு பொருள் வீதம் அவ்வீட்டிலிருந்து வெளியே வந்தது. முதலில் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து சோடா உப்பு கரைத்த நீரால் துடைத்தார். கதவின் நீள ரப்பரைக் கழற்றி அதன் மடிப்புக்குள் பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்த்தார். பின்னர் காய் நறுக்கும் பலகைக்கு உப்பும் எலுமிச்சையும் இட்டுத் தேய்த்தார். அடுத்து மிதியடிகள், திரைச்சீலைகள், தலையணை உறைகள், தண்ணீர் பிடிக்கும் எவர்சில்வர் தவலை. மழை விட்ட ஒரு முற்பகலில் அலமாரியின் தட்டுகளையெல்லாம் கழற்றி வாசற்சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் உள்ளே திரும்பிச் செல்லும் முன் அந்த வெள்ளைத் துணி வரும், இரண்டு துளி, ஒரு துடைப்பு. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவ்வீட்டின் மணம் எனக்கும் பழகிப்போன ஒன்று. போதாக்குறைக்கு முதுமையில் என் மூக்கின் கூர்மையும் மழுங்கியிருந்தது.

மருமகள் ஒவ்வொரு முறையும் சமையலறை வரை வருவாள். முகத்தில் நன்றியும் அச்சமும் கலந்திருக்கும். "இப்ப எப்படி இருக்குது கண்ணு?" என்று மாமியார் கேட்பார். "பரவால்ல மாமி," என்பாள். அதற்குள் கை வாய்க்குச் சென்றுவிடும்.

கூடலூரிலிருந்து தமையன் தொலைபேசியில் பேசினார். அவர் கோபக்காரரல்லர், அன்புடையவர். அதனால்தான் அவர் சொன்னது கனத்தது. தங்கை இப்படி இளைத்துப் போவதைத் தம்மால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அடுத்த வார ஞாயிறன்று ஜீப்பில் வந்து அழைத்துப் போகிறேன் என்றார். அந்த மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் கருவுற்ற பெண்ணை, அதுவும் வயிற்றில் ஒன்றும் நில்லாதவளை, எவ்வாறு அழைத்துச் செல்வது? அங்கே சென்றால்தான் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அண்ணியும் வேலைக்குச் செல்பவர். மருமகளுக்கும் செல்ல விருப்பமில்லை. ஆனால் இருக்கிறேன் என்று சொல்லும் வலிமையும் அவள் உடலில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரமும் சில நாட்களும் இருந்தன.

அந்நிலையில்தான் ஒரு நண்பகல் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மாமியார் அனுப்பிய நெல்லிக்காய் ஊறுகாயைத் தர வந்தவள், நான் உண்டுகொண்டிருப்பதைக் கண்டு வாயிலில் தயங்கினாள். வெறும் தயிர்ச்சோறுதான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். சற்று நேரம் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டாள். ஒரு கிண்ணம் கொடுத்தேன். உண்டாள். மறு கிண்ணமும் உண்டாள். பிறகு என் நாற்காலியிலேயே சாய்ந்து உறங்கிப்போனாள்.

அவளைத் தேடி வந்த மாமியார் இதைக் கண்டார். காலியான கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நொடியில் அவர் முகத்தில் ஒரு வருத்தம் ஓடி மறைந்ததை நான் அறிவேன். தம் கையால் சமைத்ததை உண்ணாதவள் அடுத்த வீட்டில் உண்டிருக்கிறாள். வேறொருவராயிருந்தால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு பேச்சைக் குறைத்திருப்பார். இவரோ செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என் சமையலறைக்குள் புகுந்தார். தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து முகர்ந்தார். அரிசித் தூக்கை முகர்ந்தார். அடுப்புத் திண்டின் மேல் விரலை ஓட்டி, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய், பிறகு கண்ணருகே கொண்டுவந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இதத் துடைச்சு எத்தன நாளாச்சுங்க?"

"முந்தாநாள்," என்றேன். அது முழு உண்மையன்று.

"எதப் போட்டுத் துடைச்சீங்க?"

"தண்ணீரில்தான். வேறெதைப் போடுவது?"

அவர் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதற்குள் மருமகள் கண்விழித்திருந்தாள். மாமியார் அவள் முன் வந்து தரையில் அமர்ந்துகொண்டார்.

"கண்ணு, இந்த ஊட்டுல இல்லாதது நம்ம ஊட்டுல என்னமோ இருக்குது. அது உனக்குத் தெரியும். சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"ஒண்ணுமில்ல மாமி."

"எங் கையா? எஞ் சமையலா?"

"ஐயோ, இல்ல மாமி."

"அப்பறம் என்ன? உங்க மாமாவோட குறட்டையா? அதுக்கு வாடை கெடையாதே."

அவள் சிரித்தாள், சிரித்தபடியே கண் கலங்கினாள். பிறகு மிக மெல்லிய குரலில் சொன்னாள்: "தைலம், மாமி."

அம்மையார் முகத்தில் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி தோன்றவில்லை. முதலில் தோன்றியது குழப்பம்தான்.

"தைலமா? அது வாடை இல்லையே கண்ணு. அது சுத்தமில்ல?"

"முன்னால எனக்கும் புடிக்கும் மாமி. இப்பத்தான். தட்டுல, தண்ணில, தலகாணில, எல்லாத்துலயும் அதுதான் வருது. நீங்க ஒவ்வொண்ணாத் துடைக்கத் துடைக்க..." அவள் நிறுத்தினாள். "மாமாவோட தொழிலு அது. நம்ம சோறே அதுலதான். அதப் போய் எப்படி மாமி சொல்றது?"

அவ்வீட்டுப் பின்னறையில்தான் தைலத்தைச் சிறு புட்டிகளில் அடைக்கும் வேலை நடந்துவந்தது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. தேயிலை, பக்கத்தில் இருக்கும் எதன் மணத்தையும் குடித்துவிடும் இயல்புடையது. தைலத்தருகே ஓரிரவு கிடந்தாலும் அதன் சுவை கெடும். ஆகவே கடையில் தேயிலையைக் காக்கும் பொருட்டு, தைலப் பீப்பாயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் வணிகர். அடைத்து மூடிய புட்டிகள் மட்டுமே கடைக்குச் செல்லும். புனலை வைத்து ஊற்றி, மூடி முறுக்கி, ஒவ்வொரு புட்டியையும் துடைத்து அடுக்குவது அம்மையாரின் பிற்பகல் வேலை. ஒரு துளி கீழே சிந்தமாட்டார். சந்தையில் வேறெந்தக் கடைப் புட்டியும் அவர் மூடியதைப் போல் கசியாமல் இருந்ததில்லை என்று கணவரே சொல்லிப் பெருமைப்படுவார். தேயிலைக்குக் காட்டிய அந்த அக்கறையால், வீடே தைலத்தில் ஊறிவிட்டது. அதில் வாழ்ந்தவர்களின் மூக்கோ அதனை ஒரு மணமாகவே கணக்கில் கொள்ளாமற் போயிற்று.

அன்று மாலையே அம்மையார் அந்த வெள்ளைத் துணியை அடுப்பிலிட்டார். பீப்பாயும் புட்டிகளும் கடையிலிருந்து எட்டத் தள்ளியிருந்த ஒரு வாடகைக் கொட்டகைக்குச் சென்றன. ஆனால் சுவரிலும் மரத்திலும் பஞ்சிலும் ஊறியதை எவ்வாறு எடுப்பது? வெயில் இல்லை. கழுவக் கூடியவை பல முறை வெந்நீர் கண்டன. மெத்தையையும் அலமாரியையும் கழுவ இயலாது. அதைவிடப் பெரிய இடர் ஒன்றிருந்தது. நெடி போயிற்றா இல்லையா என்பதை அறிய அவ்வீட்டில் எவருக்கும் மூக்கு இல்லை. ஒவ்வொரு பொருளையும் மருமகளிடம் நீட்டி முகரச் சொல்வதோ அவளைத் துன்புறுத்துவதாகும்.

"அவளக் கேக்கக் கூடாது," என்றார் அம்மையார், உறுதியாக. "அவ மொகந்து மொகந்து வாந்தி எடுக்கறதுக்கா நாம இதச் செய்யறோம்?"

அவர் கண்ட வழியை நினைக்குந்தோறும் என் உள்ளம் மகிழ்கிறது. தேயிலை மணத்தைக் குடிக்கும் என்று கணவர் நாள்தோறும் கடையில் புலம்புவதைக் கேட்டவர் அவர். அந்தக் குறையே இப்போது அவருக்குக் கருவியாயிற்று. மெல்லிய துணியில் தேயிலைத் தூளைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டி, மெத்தைகளின் நடுவிலும் தலையணை உறைக்குள்ளும் அலமாரித் தட்டுகளிலும் வைத்தார். மறுநாள் அவற்றை எடுத்துவிட்டுப் புதிய முடிச்சுகளை வைத்தார். எடுத்த முடிச்சுகளை வீசிவிடவில்லை. என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"உங்க அடுப்புல, உங்க பாத்தரத்துலதான் இதக் காச்சோணும்," என்றார். "எங்கூட்டுச் சட்டிய நான் நம்ப மாட்டேன்."

ஒவ்வொரு முடிச்சுத் தூளையும் தனித்தனியே கொதிநீரில் இட்டு வடித்தோம். பாலில்லை; சர்க்கரையில்லை. அதே மூட்டையிலிருந்து எடுத்து, எங்கும் வைக்கப்படாத தூளிலும் ஒரு கோப்பை. எது எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று கோப்பையின் அடியில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். பிறகு கணவரை அழைத்தார். அவருடைய மூக்குக்குத் தைலம் தெரியாது. ஆனால் தேயிலை வாங்கி விற்பவரின் நாக்கு, அதில் கலந்த அயல்மணத்தை ஒருபோதும் பொறுத்ததில்லை. கரண்டியில் எடுத்து, ஓசையுடன் உறிஞ்சி, வாய் முழுவதும் சுழற்றி, அருகிலிருந்த வாளியில் துப்பினார்.

"இது தைலம்," என்றார் முதற்கோப்பைக்கு. இரண்டாவதை உறிஞ்சி, "இதுவும் தைலம். அதவிடக் கொஞ்சம் மட்டம்."

"எது அதிகம்னு சரியாச் சொல்லுங்க."

"மொதல்ல குடுத்தது. அத வித்தா இருமலுக்கு நல்லாப் போகும்."

அம்மையார் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார். "அது பீரோ. ரெண்டாவது உங்க தலகாணி."

"எந் தலகாணியையா என்னக் குடிக்க வெச்ச?"

"அவ தலகாணியக் குடிக்கறதுக்கும் நீங்கதான் இருக்கறீங்க. பேசாம அடுத்ததக் குடிங்க."

கூடத்தில் அமர்ந்திருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்தக் கோப்பை எதனுடையது என்று கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாதது தற்செயலன்று. "சொன்னா, என் மொகத்தப் பாத்து நல்லாருக்குன்னுருவாருங்க," என்று அவர் பின்னர் எனக்கு விளக்கினார். ஆய்வு நெறி பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவள் நான். இதைவிடச் சுருக்கமாக அதன் உயிர்நாடியைச் சொன்னதில்லை.

இவ்வாறு ஒவ்வொரு மாலையும் என் சமையலறையில் கோப்பைகள் வரிசையாக நின்றன. சில நாட்களில் தலையணைகள் தேறின. பின் மெத்தை தேறியது. பழைய தேக்கு மரமாகிய அலமாரி பிடிவாதமாக இருந்தது. அதனை ஆட்களை வைத்து அப்படியே கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். மருமகளின் முகம் சிறிது தெளிந்தது. ரொட்டியும் பழமும் உண்டாள். ஆயினும் சோறு மட்டும் செல்லவில்லை. அதிலும் விந்தை, என் வீட்டில் மாமியார் அவளுக்குச் சோறு பரிமாறியபோதும் அவள் முகம் திருப்பிக்கொண்டாள். என் வீட்டுச் சோறு. என் வீட்டுத் தட்டு.

அம்மையார் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு கரண்டியை என்னிடம் தந்துவிட்டு, தம் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். அன்றிரவு அவர் ஒரு பிடி தேயிலைத் தூளை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாராம். மறுநாள் மாலைக் கோப்பைகளுள் ஒன்றை உறிஞ்சிய கணவர் உடனே துப்பினார்.

"இது எதுல வெச்சது? பீப்பாய்க்குள்ளயா?"

அம்மையார் கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. "எங் கைல," என்றார்.

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். பீப்பாய் கொட்டகைக்குச் சென்ற பின்னும் அம்மையார் பிற்பகல்தோறும் அங்கே சென்று புட்டியடைத்து வந்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டை விட்டு நெடியை விரட்டினால் போதும் என்றே நினைத்தோம். அவர் கையை எவரும் எண்ணவில்லை.

"கொஞ்ச நாளைக்கி கடைப் பையனுவ அடைக்கட்டும்," என்றார் கணவர், தயங்கித் தயங்கி. "கசியும். கசிஞ்சாக் கசியுது போ."

"கசிய உட்டீங்கன்னா அப்பறம் கடை பேரு என்னாகறது?" என்றார் அம்மையார். குரலில் சினம் இருந்தது. "மூடியக் கடைசி அரைச்சுத்து மெதுவாத் திருப்போணும்னு சொல்லுங்க. வெடுக்குனு திருப்பக் கூடாது. நான் வந்து காட்டித் தரவும் முடியாது பாருங்க."

அவ்வளவுதான். அந்த வேலையை அவர் விட்டார். ஆனால் பிற்பகலில் அந்த நேரம் வந்தால் என் வீட்டுக்கு வந்து அமர்வார். கைகளுக்கு வேலையில்லாமல் என் புத்தகங்களைத் தட்டித் தூசு நீக்குவார். அதோடு அக்கைகளுக்கு வேறொரு வேலையையும் தாமே விதித்துக்கொண்டார். கடலை மாவைத் தயிரில் குழைத்து நகக்கண் வரை தேய்த்தார். எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். காய்ச்சி வடித்த தேயிலைச் சக்கையைக் கையில் பூசிக்கொண்டு உலரும்வரை காத்திருந்தார். புட்டியடைக்கும்போது உடுத்திய புடவைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கோவைக்குப் போகும் மகனிடம் கொடுத்தனுப்பினார், அங்கே நல்ல வெயில் இருக்கிறதென்று. ஒவ்வொரு மாலையும் தம் உள்ளங்கைத் தேநீரைக் கணவரிடம் நீட்டினார். அவர் உறிஞ்சுவார், தலையசைப்பார், அது இன்னும் இருக்கிறது என்று பொருள்.

சனிக்கிழமை மாலை அவர் உறிஞ்சினார். மீண்டும் உறிஞ்சினார். துப்பவில்லை, விழுங்கினார்.

"எது சும்மா வெச்ச தூளு?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது."

அம்மையார் கோப்பைகளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவற்றைக் கழுவி வைக்கச் சென்றார். முகத்தை எங்களுக்குக் காட்டாமல் நெடுநேரம் கழுவினார்.

ஞாயிறு முற்பகல் கூடலூர்த் தமையன் ஜீப்புடன் வந்துவிட்டார். பின்னிருக்கையில் ஒரு மெத்தையும் தலையணையும் கூடப் போட்டுக் கொண்டுவந்திருந்தார், தங்கை படுத்துக்கொண்டே வரட்டும் என்று. வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். உணவு வேளையாதலால் எல்லாரையும் அமரச் சொன்னார் அம்மையார். என்னையும் அழைத்திருந்தார். அவ்வாரம் மகனால் கோவையிலிருந்து வர இயலவில்லை; வணிகர் கடையில் இருந்தார். சோறும் பருப்பும் மிளகு ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலுமே சமைத்திருந்தார். இறைச்சி ஏதும் ஆக்கவில்லை. விருந்தினர் முன் அது தமக்குக் குறைவு என்று அவர் கருதவும் இல்லை.

மருமகளின் தட்டில் சோற்றை அவரே இட்டார். கரண்டியால் அல்ல, கையால். அவள் தட்டைப் பார்த்தாள். ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். முதற்கவளம் சென்றது. மாமியார் அவளைப் பார்க்கவேயில்லை. எதிர்ப்புறம் திரும்பித் தமையனுக்கு ரசம் ஊற்றுவதிலேயே முனைந்திருந்தார்.

"மதி, மதி," என்றார் தமையன், போதும் என்பதைத் தம் ஊர் வழக்கில். ஆனால் கிண்ணத்தை விலக்கவில்லை, தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் முறை சோறு கேட்டபோது அவர் தலை குனிந்து உண்ணத் தொடங்கினார்.

மாதம் ஏறியதால் குமட்டல் இயல்பாகவே தணிந்திருக்கும் என்று மருத்துவர் பின்னர் சொன்னார். அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. நான் கண்டதை மட்டுமே சொல்கிறேன்.

கை கழுவிய தமையன் வாசலில் நின்று மழை முகிலைப் பார்த்தார்.

"அப்ப நான் போயிட்டு வரேன் மாமி," என்றார். "பைக்காரா தாண்டுனா மழ புடிச்சுக்கும். இவ இங்கயே இருக்கட்டும். ஏழாம் மாசம் வரேன்."

"அப்பவும் கேட்டுட்டு வா தம்பி," என்றார் அம்மையார். "மெத்தைய மூடி எடுத்துட்டுப் போ, நனைஞ்சுரப் போகுது."

ஜீப்பு சரிவில் இறங்கித் திரும்பும் வரை அம்மையாரும் மருமகளும் நானும் வாசலில் நின்றோம். உள்ளே சென்ற மருமகளின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது.

"மாமி, இன்னும் ரசம் இருக்கா?"

"எங்க இருக்குது? மதி மதின்னு சொல்லிச் சொல்லியே உங்கண்ணன் மூணு கிண்ணம் குடிச்சுட்டான்," என்றபடி அம்மையார் உள்ளே போனார். "அடிச்சட்டில கொஞ்சம் கெடக்கும். இரு, தக்காளியப் புழிஞ்சு புதுசா வெக்கறேன்."